பனி கொட்டி ஓய்ந்த மறுநாள்தான் ஆபத்து: இமயமலை, ஜப்பான் செல்வோர் அறிய வேண்டிய பனிச்சரிவு விவரங்கள்

2023 ஏப்ரல் 4-ஆம் தேதி நண்பகல். இந்தியாவின் சிக்கிம் மாநிலத் தலைநகர் காங்டோக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குச் செல்லும் மலைச்சாலை. அதன் 15-ஆவது மைலுக்கு அருகே சுற்றுப்பயணிகள் வாகனங்களை விட்டு இறங்கிப் பனியில் நின்றிருந்தனர். மேலே இருந்த பனி திடீரெனப் பெயர்ந்து வந்து அவர்களை மூடியது. 7 பேர் உயிரிழந்தனர். அன்று அனுமதி வழங்கப்பட்டிருந்தது 13-ஆவது மைல் வரைதான்.

அவர்கள் மலையேறிகள் அல்லர். கயிறோ பனிக்கோடரியோ அவர்களிடம் இல்லை. நம்மைப் போல விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து, பனியைத் தொட்டுப் பார்த்து, படம் எடுத்துக்கொள்ள இறங்கியவர்கள்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இமயமலை புதிதல்ல. 1997 மே 23-ஆம் தேதி எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாக மலேசியக் கொடியை நாட்டியவர்கள் எம்.மகேந்திரன், என்.மோகனதாஸ் ஆகிய இருவர். இன்று சிகரம் தொடும் எண்ணமே இல்லாதவர்களும் நேப்பாளத்தின் அன்னபூர்ணா பாதையில் நடக்கிறார்கள். காஷ்மீரின் குல்மார்க்கில் பனி பார்க்கிறார்கள். பள்ளி விடுமுறையில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் பனிச்சறுக்குக்குப் போகிறார்கள். வெயிலும் மழையும் மட்டுமே பழகிய நமக்குப் பனிமலையின் குணம் தெரியாது. குறிப்பாக, புதிதாகப் பனி பெய்த பிறகு மலை எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியாது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனிச்சரிவு என்பது என்ன?

மலைச்சரிவில் தங்கியிருக்கும் பனி, தன் பிடியை இழந்து மொத்தமாகக் கீழே பாய்வதே பனிச்சரிவு. அதில் பல வகைகள் உண்டு. ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே வர வர விரிந்துகொண்டே போகும் உதிர்பனிச் சரிவு ஒன்று. வெயிலில் உருகி, நீர் கோத்துக் கனத்த பனி மெதுவாக ஆனால் பெரும் எடையோடு இறங்கும் ஈரப்பனிச் சரிவு இன்னொன்று. மலைநடைப் பயணிகளையும் பனிச்சறுக்கு வீரர்களையும் அதிகம் பலிகொள்வது மூன்றாவது வகை. அது பாளச் சரிவு.

பாளச் சரிவை வீட்டிலேயே புரிந்துகொள்ளலாம். ஒரு பலகையில் சீனியைப் பரப்பி, அதன் மேல் ஒரு தடித்த புத்தகத்தை வையுங்கள். பலகையை மெல்லச் சாய்த்தால், ஒரு கட்டத்தில் புத்தகம் முழுதாக வழுக்கிக் கீழே வரும். மலையிலும் இதுதான் நடக்கிறது. குளிர்காலத்தின் தொடக்கத்தில் பெய்த பனி, கடுங்குளிரில் சீனியைப் போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிக் கிடக்கும். அதன் மேல் புதுப்பனி விழுந்து, காற்றில் இறுகி, ஒரே பாளமாகிவிடும். மேலே பார்த்தால் வெள்ளை விரிப்பு. அடியில் பிடிப்பே இல்லாத அடுக்கு. அந்த நிலையில் ஒரு மனிதனின் எடை போதும். பாளம் விரிசல் விட்டுப் பெயரும். உலர்ந்த பனியாக இருந்தால் சில விநாடிகளிலேயே மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை எட்டிவிடும்.

கூச்சல் போட்டால் பனி சரியும் என்று திரைப்படங்களில் காட்டுவது உண்மையல்ல. சத்தத்தால் பனிச்சரிவு ஏற்படுவதில்லை, எடையால் ஏற்படுகிறது. பனிச்சறுக்கிலும் மலைநடையிலும் நேரும் இத்தகைய விபத்துகளில் பெரும்பாலானவற்றில், சரிவைக் கிளப்பியவர் அதில் சிக்கியவரே. அல்லது அவருடன் வந்தவர்.

புதுப்பனி ஏன் ஆபத்தானது?

கேமரன் மலையில் வாழ்பவர்களுக்கு ஒன்று தெரியும். மழை கொட்டும்போதுதான் மண் சரிய வேண்டும் என்பதில்லை. மழை விட்டு, வானம் வெளுத்த பிறகும் ஊறிய மண் இறங்கும். பனியும் அப்படித்தான்.

ஒரே இரவில் 30 சென்டிமீட்டர் பனி பெய்தால் அது பெரிய சுமை. கூடவே காற்று வீசினால் சுமை பன்மடங்காகும். காற்று மலையின் ஒரு பக்கத்திலுள்ள பனியை வாரி மறுபக்கத்தில் குவித்துவிடும். பெய்தது 30 சென்டிமீட்டர்தான் என்றாலும், காற்று மறைவுப் பக்கத்தில் ஒரு மீட்டருக்கு மேல் சேர்ந்திருக்கலாம். பழைய பனி அந்தப் புதுச் சுமையைத் தாங்கப் பழக அவகாசம் வேண்டும்.

பனிப்பொழிவின்போதும், அது நின்ற பிறகு முதல் 24 முதல் 48 மணி நேரத்திலும் ஆபத்து உச்சத்தில் இருக்கும் என்பது மலை வழிகாட்டிகளின் பொதுவான கணக்கு. அடியில் பிடிப்பற்ற அடுக்கு ஆழமாகப் புதைந்திருந்தால் ஆபத்து பல நாள், சில வேளை பல வாரம் நீடிக்கும்.

சிக்கல் எங்கே என்றால், அந்த 48 மணி நேரம்தான் மலை மிக அழகாகத் தோன்றும் நேரமும்கூட. மேகம் விலகி, வானம் நீலமாகி, வெயிலில் எல்லாம் மின்னும். முந்தைய நாள் முழுதும் விடுதிக்குள் முடங்கிக் கிடந்தவர்கள் விட்டால் போதும் என்று புறப்பட்டுவிடுகிறார்கள்.

நடந்தவை சொல்லும் பாடம்

2014 அக்டோபர் 12-ஆம் தேதி வங்கக் கடலில் உருவான ஹுட்ஹுட் புயல் ஆந்திராவின் விசாகப்பட்டினத்தைத் தாக்கியது. தொலைக்காட்சியில் அந்தப் புயலைப் பார்த்தவர்கள், அதன் மிச்சம் இமயமலைக்குப் போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 14-ஆம் தேதி, அதே ஈரப்பதம் நேப்பாளத்தின் அன்னபூர்ணா வட்டாரத்தில் பெரும் பனியாகக் கொட்டியது. அக்டோபர் அங்கே மலைநடைக்கு உகந்த மாதம். 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா கணவாயைக் கடக்க அன்று நூற்றுக்கணக்கானோர் வழியில் இருந்தனர். பனிச்சரிவிலும், பாதை தெரியாத பனிப்புயலில் சிக்கிக் குளிரிலும் குறைந்தது 43 பேர் மாண்டனர். பயணிகள் மட்டுமல்லர், வழிகாட்டிகளும் யாக் மேய்ப்பவர்களும் அதில் அடக்கம். கடலோரத்தில் வந்த எச்சரிக்கை மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்த பலரின் காதுக்கு எட்டவே இல்லை.

2020 ஜனவரி 17-ஆம் தேதி, அதே அன்னபூர்ணா வட்டாரத்தில், அடிவார முகாமுக்குச் செல்லும் பாதையில் தேவ்ராலி அருகே பனிச்சரிவு ஏற்பட்டது. தென்கொரியர்கள் நால்வரும் நேப்பாளியர் மூவரும் அதில் புதைந்தனர். கடும் பனிப்பொழிவைக் கண்டு, மேலே போக வேண்டாம் என்று முடிவு செய்து கொரியக் குழுவினர் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பாதை சிகரப் பாதை அல்ல. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சாதாரணப் பயணிகள் நடக்கும் பாதை. ஆனால் அதன் ஒரு பகுதி, தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத பெரும் சரிவுகளின் அடியில் செல்கிறது. கொரியர்களின் உடல்கள் பனி உருகிய பிறகே, மாதங்கள் கழித்துக் கிடைத்தன.

ஜப்பானின் தொச்சிகி மாநிலத்திலுள்ள நாசு மலைப்பகுதியில் 2017 மார்ச் 27-ஆம் தேதி நடந்தது இன்னும் வேதனையானது. உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கான மலையேற்றப் பயிற்சி முகாம். இரவு முழுதும் கனத்த பனி பெய்திருந்தது. சிகரம் ஏறும் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, பனிச்சறுக்குத் திடலை ஒட்டிய சரிவில் ஆழப்பனியில் நடக்கும் பயிற்சி நடத்தப்பட்டது. பனி சரிந்து 7 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தனர். திட்டத்தை மாற்றினார்கள்; ஆனால் சரிவை விட்டு விலகவில்லை. பொறுப்பிலிருந்த ஆசிரியர்கள் மூவருக்கு 2024-இல் மாவட்ட நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

அனுபவசாலிகளையும் பனி விட்டுவைப்பதில்லை. 2015-இல் பனிச்சறுக்கில் உலக வெற்றியாளரான அமெரிக்கர் கைல் ஸ்மெய்ன், 2023 ஜனவரி 29-ஆம் தேதி ஜப்பானின் ஹக்குபா மலைப்பகுதியில் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார். திறமைசாலியின் கால் என்று பனிக்குத் தெரியாது.

எந்த இடத்தில் ஆபத்து?

பாளச் சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் தொடங்குகின்றன. வீட்டு மாடிப்படியின் சாய்வை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அந்தச் சாய்வு, அல்லது அதைவிடச் செங்குத்து. அதைவிட மிகச் செங்குத்தான பாறைகளில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும்.

ஆனால் நாம் நிற்கும் இடம் சமதரையாக இருப்பது பாதுகாப்பு ஆகாது. மேலே தொடங்கும் சரிவு கீழே வந்து ஓயும் இடம் பெரும்பாலும் சமதரைதான். நாதுலா சாலையில் நின்றவர்கள் சரிவில் ஏறவில்லை. எனவே காலடியை மட்டும் பார்க்காமல், தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முதல் பழக்கமாக இருக்க வேண்டும்.

பின்வரும் இடங்களில் நிற்கவோ, படம் எடுக்கவோ, ஓய்வெடுக்கவோ கூடாது:

• இருபுறமும் காடு இருக்க, நடுவில் மட்டும் மரமே இல்லாமல் வழித்தடம் போலக் காணப்படும் பட்டை. முன்பு வந்த பனிச்சரிவுகள் மரங்களைத் துடைத்த பாதை அது.
• குறுகிய பள்ளத்தாக்கு, ஓடைப்பள்ளம். இங்கே சிறு சரிவும் ஆளை ஆழமாகப் புதைத்துவிடும்.
• மலைமுகட்டில் காற்றால் கூரை விளிம்பு போல நீண்டு தொங்கும் பனிக்கு மேலும் கீழும். மேலே நின்றால் அது உடையும். கீழே நின்றால் தலையில் விழும்.
• பனி அதிகம் பெய்யும் ஜப்பானிய ஊர்களில் வீட்டுக் கூரைகளின் அடி. கூரைப்பனி மொத்தமாக வழுக்கி விழுந்து ஆண்டுதோறும் அங்கே உயிர்ச்சேதம் ஏற்படுகிறது. குழந்தைகளை அங்கே விளையாட விடக்கூடாது.

மலை தரும் அறிகுறிகள்

பனிச்சரிவு முன்னறிவிப்பின்றி வருவதாகச் சொல்கிறோம். பல வேளைகளில் அறிகுறி இருந்திருக்கும், படிக்கத் தெரிந்திருக்காது.

முதலாவது, அக்கம்பக்கச் சரிவுகளில் அண்மையில் பனி சரிந்த தடம். இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது. அங்கே சரிந்தது இங்கேயும் சரியும். இரண்டாவது, நடக்கும்போது காலடியில் பனி 'வொம்ப்' என்று அமுங்கும் ஓசை. அடியிலுள்ள பிடிப்பற்ற அடுக்கு நொறுங்கும் சத்தம் அது. மூன்றாவது, கால் வைத்த இடத்திலிருந்து பனிப்பரப்பில் விரிசல் ஓடுவது. நான்காவது, முந்தைய நாள் கனத்த பனியோ பலத்த காற்றோ இருந்திருப்பது. ஐந்தாவது, திடீரென வெப்பநிலை உயர்வது. வெயில் ஏற ஏற ஈரப்பனி இறங்கத் தொடங்கும். அதனால்தான் வசந்த காலத்தில் அனுபவமுள்ள வழிகாட்டிகள் விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் சரிவுகளைக் கடந்துவிடுகிறார்கள்.

இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டாலும், வந்த வழியில் ஆபத்தான சரிவு இல்லையென்றால் திரும்பிவிடலாம். அப்படி இருந்தால், பாதுகாப்பான இடத்தில் தங்கிக் காத்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை எண்ணை எப்படிப் படிப்பது?

பனிச்சரிவு அபாயத்தைப் பல நாடுகள் 1 முதல் 5 வரையிலான நிலைகளில் அறிவிக்கின்றன. 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 மிக அதிகம். ஐந்தில் மூன்று என்றதும் நடுத்தரம்தானே என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. 3-ஆம் நிலையில் ஓர் ஆளின் எடையே சரிவைக் கிளப்பக்கூடும். 4, 5 என்றால் மக்கள் வெளியே போவதில்லை. 3 என்றால் துணிந்து போகிறார்கள். அதனால் உயிரிழப்புகளில் பெரும்பங்கு 3-ஆம் நிலை நாள்களில் நேர்கிறது.

இந்தியாவில் காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் போன்ற பகுதிகளுக்குப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் டி.ஜி.ஆர்.இ. அமைப்பு பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. ஜப்பானின் நிசெக்கோவில் கட்டுப்பாட்டு எல்லையைத் தாண்டிப் போக குறிப்பிட்ட வாயில்கள் உள்ளன. அவை மூடியிருந்தால் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போகக்கூடாது என்பது அங்குள்ள விதி. நேப்பாளப் பாதைகளில் விடுதிக்காரரும் வழிகாட்டியும் சொல்வதே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. அதோடு, அக்டோபர், நவம்பர் மாதங்களில் நேப்பாளம் செல்வோர் வங்கக் கடல் புயல் செய்தியையும் கவனிக்க வேண்டும். அதை 2014 நமக்குக் கற்பித்துவிட்டது.

சரிவு மட்டுமே எதிரி அல்ல

2014-இல் இறந்த எல்லாரும் பனிச்சரிவில் புதைந்தவர்கள் அல்லர். பாதை மறைந்து, திசை தெரியாமல், உடல் குளிர்ந்து மாண்டவர்களும் உண்டு. புதுப்பனி பாதை அடையாளங்களை மூடிவிடும். ஓடைகளின் மேல் மெல்லிய பனிப்பாலம் போர்த்தி, தரை போலக் காட்டும். முழங்கால் ஆழப் பனியில் ஒரு மணி நேர நடை மூன்று மணி நேரமாகும். அதற்குள் வியர்த்த உடை நனைந்து குளிரும்.

நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம் ஆகியவை உடல் வெப்பம் குறைவதன் அறிகுறிகள். விரல் நுனி மரத்து வெளுத்தால் பனிக்கடி தொடங்கிவிட்டது. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் சில மணி நேரத்திலேயே கண்ணைப் புண்ணாக்கும். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. குளிரில் கைப்பேசி மின்கலன் விரைவில் தீர்ந்துவிடும். அதை உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்திருங்கள்.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

பனி நகரத் தொடங்கியதும் கத்தி மற்றவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். பக்கவாட்டில் விலகப் பாருங்கள். கைத்தடிகளை விட்டுவிடுங்கள். பனி வேகம் குறைவதாகத் தோன்றியதும் ஒரு கையை முகத்துக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். முடிந்தால் மறுகையை மேலே நீட்டுங்கள். ஓடி நின்ற பனி சிமெண்டு போல இறுகிவிடும். அதன்பின் விரலைக்கூட அசைக்க முடியாது.

புதைந்தவர்களில் பெரும்பாலோர் மூச்சுத் திணறியே இறக்கிறார்கள். சுவிட்சர்லாந்துப் பதிவுகளின்படி, 10 நிமிடத்துக்குள் மீட்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. எந்த ஹெலிகாப்டரும் 10 நிமிடத்தில் வராது. உயிரைக் காப்பாற்றப் போவது உடனிருப்பவர்களே.

ஆகவே, தப்பியவர்கள் உதவி தேடி எல்லாரும் ஓடிவிடக் கூடாது. இன்னொரு சரிவு வரும் அபாயம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஆளைக் கடைசியாகப் பார்த்த இடத்தை அடையாளம் வைத்து, அங்கிருந்து கீழ்நோக்கித் தேட வேண்டும். கையுறை, தொப்பி, பை எது வெளியே தெரிந்தாலும் அங்கே தோண்ட வேண்டும். முகத்தை முதலில் வெளியே எடுத்து, வாயிலுள்ள பனியை அகற்றி, மூச்சு இல்லையென்றால் செயற்கைச் சுவாசமும் இதய அழுத்தமும் தர வேண்டும். ஒருவர் மட்டும் உதவிக்கு அழைக்கட்டும்: இந்தியாவில் 112, ஜப்பானில் 110 அல்லது 119, நேப்பாளத்தில் 100.

கட்டுப்பாட்டு எல்லைக்கு வெளியே பனிச்சறுக்கப் போகிறவர்கள், இருப்பிடம் காட்டும் பீக்கன் கருவி, பனியைத் துழாவும் மடக்குக்கோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இல்லாமல் போகக்கூடாது. பையில் இருந்தால் மட்டும் போதாது. பயன்படுத்திப் பழகியிருக்க வேண்டும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

• பயணக் காப்புறுதியில் உயர எல்லை எத்தனை மீட்டர், ஹெலிகாப்டர் மீட்புச் செலவு சேருமா, எல்லைக்கு வெளியே பனிச்சறுக்கு சேருமா என்று எழுத்தில் பாருங்கள்.
• உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் செல்லுங்கள். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு மலைநடைப் பயணிகளுக்கு நேப்பாளம் இதை விதியாகவே அறிவித்துள்ளது.
• பயண விவரத்தை வெளியுறவு அமைச்சிடமோ தூதரகத்திடமோ பதிவு செய்யுங்கள். வீட்டிலும் நாள்வாரியாக எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.
• அனுமதிச் சீட்டு எந்த மைல் வரை என்கிறதோ, அந்த மைலில் நில்லுங்கள். ஓட்டுநருக்குப் பணம் கொடுத்து இன்னும் கொஞ்சம் மேலே போகச் சொல்லாதீர்கள்.
• பயணத் திட்டத்தில் குறைந்தது இரண்டு நாள் உபரியாக வையுங்கள்.

இவற்றில் கடைசியானதே முக்கியமானது. நம்மில் பலருக்கு ஆண்டு விடுப்பு சில நாள்தான். டிக்கெட் தேதி மாறாது. சேர்த்து வைத்த பணம், மறுபடி எப்போது வருவோமோ என்ற எண்ணம். பனி பெய்த மறுநாள் காலை, வழிகாட்டி தயங்கி நிற்கும்போது நம் மனத்தில் ஓடுவது இவைதான். அந்த அழுத்தத்தில்தான் நாமே அவரைப் 'போகலாம், போகலாம்' என்று தள்ளுகிறோம். வழிகாட்டியும் பிழைப்புக்காக வந்தவர். வாடிக்கையாளர் வற்புறுத்தினால் மறுப்பது அவருக்கு எளிதல்ல.

கையில் இரண்டு நாள் உபரியாக இருந்தால் அந்த வற்புறுத்தலே தேவைப்படாது. விடுதி அடுப்பருகே அமர்ந்து, தேநீர் குடித்துக்கொண்டு, பனி தன் இடத்தில் அமரும் வரை காத்திருக்கலாம். கூடுதல் இரண்டு இரவு வாடகை பெரிய செலவல்ல. கணவாயைப் பார்க்காமலேயே திரும்ப நேர்ந்தாலும் நஷ்டமில்லை. மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த ஆண்டும் போகலாம்.